உட்கார்ந்தால் திறக்கும் கதவு

எங்கள் வீட்டு ஓவன் ஒரு புதன்கிழமை எட்டே காலுக்குக் கதவைத் திறக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. ஏன் என்று என்னைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை. எனக்கு எழுபத்து நாலு வயது, அதில் முப்பத்தாறு வருஷம் பம்பு வார்க்கிற பவுண்டரியில் உலைக்கு முன்னால் நின்றிருக்கிறேன், நெருப்பு என்ன செய்யும், கதவு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், இந்தக் கதவு செய்தது அதில் எதிலும் சேராது. சேராவிட்டால் போகட்டும். நடந்ததைச் சொல்கிறேன்.

கோயமுத்தூரின் வடக்கு ஓரத்தில் நான்கு பிளாக், அறுபத்து நாலு வீடு, வீட்டுக்கு வீடு எல்லோரும் ஓடிக்கொண்டே இருக்கிற அடுக்ககம் எங்களுடையது. என் மகன் மோகன்ராஜுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அமெரிக்காக்காரன் கண் விழிக்கிற நேரத்துக்கு இவன் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பேச உட்காருவான். பேத்தி நிவேதாவுக்கு டியூஷன் முடிந்தால் பேட்மிண்டன், பேட்மிண்டன் முடிந்தால் டியூஷன். பேரன் கவினுக்கு ஒன்பது வயது, அவனுக்கும் நாளுக்கு மூன்று வகுப்பு. மருமகள் கோகிலா ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் துணி மாதிரிகளைச் சரிபார்த்து அனுப்புகிறவள், காலை எட்டுக்குப் போனால் சாயங்காலம் ஏழுக்கு வருவாள், செருப்பைக் கழற்றிய கால் நேராக அடுப்படிக்குத்தான் போகும். எனக்கு வேலை ஒன்றும் கிடையாது. ஆனால் எட்டு மணிக்குப் பசிக்கும்.

புதன்கிழமைதான் எல்லோருக்கும் நெருக்கடியான நாள் என்பதால் புதன்கிழமைக்குப் பாஸ்தா என்று ஆறு வருஷமாக ஏற்பாடு. குழல் குழலாக இருக்கிற அந்தச் சாமானை வேக வைத்து வடிக்கக்கூட வேண்டாம், கண்ணாடிப் பாத்திரத்தில் பச்சையாகவே கொட்டி, தக்காளியும் வெங்காயமும் பூண்டும் வதக்கி மேலே ஊற்றி, குடைமிளகாயும் மக்காச்சோளமும் தூவி, தண்ணீரும் பாலும் குழல் முங்குகிற வரை விட்டு, மேலே சீஸைத் துருவிப் பரப்பி ஓவனுக்குள் தள்ளிவிட்டால் ஐம்பது நிமிஷத்தில் அது தன்னாலே வெந்து, மேலே சிவந்து, ஓரத்தில் குமிழி விட்டுக்கொண்டு நிற்கும்.

சுலபம் என்பார்கள். என் மகன் சொல்வான், அவன் சிநேகிதர்கள் சொல்வார்கள், பாஸ்தா பாக்கெட்டின் முதுகிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. யாருக்கு ஐயா சுலபம்? அந்த ஐம்பது நிமிஷத்தில் அவள் காலை டிபனுக்கு மாவு அரைப்பாள், யூனிபாரத்தை மெஷினில் போடுவாள், கவினுக்குக் கணக்குச் சொல்லித் தருவாள், என் மாத்திரையை எடுத்து வைப்பாள், மணி அடித்ததும் பாத்திரத்தை எடுத்து வந்து நான்கு தட்டில் பரிமாறிவிட்டு மேஜை ஓரமாக நிற்பாள். நாங்கள் சாப்பிட்டு எழுந்து, அவள் மேஜையைத் துடைத்த பிறகு, அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடி அவள் சாப்பாடு. சீஸ் ஆறினால் ரப்பர். ஆறு வருஷமாக அவள் தின்றது ரப்பரும், பாத்திர மூலையில் கரிந்து ஒட்டியதும். வார்ப்பு ஊற்றி முடித்தால் வாளியின் அடியில் தங்குகிறதைக் கசடு என்போம். அதை வெளியே கொட்டுவதுதான் வழக்கம், யாருக்கும் கொடுப்பதில்லை.

அந்த மாதம் அவள் ஆபீசில் மயங்கி விழுந்தாள். ரத்தம் சோதித்தார்கள், பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருந்தது. மோகனுக்கு ஏதோ மீட்டிங், ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். டாக்டரம்மா சின்ன வயதுக்காரி, சிரிக்கத் தெரியாதவள், தினமும் எப்போது சாப்பிடுகிறாய் என்று கேட்டாள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு என்றாள் கோகிலா. பிறகு என்றால் எத்தனை மணி என்றாள் அந்த அம்மா, கோகிலாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்து. எனக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறேன், தெரியவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து, மாத்திரை மட்டும் போதாது, நேரத்துக்கு உட்கார்ந்து சூடாகச் சாப்பிட வேண்டும், இன்னும் இறங்கினால் படுக்க வைத்து ரத்தம் ஏற்ற வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பினாள். வீட்டில் மோகன் ரிப்போர்ட்டைப் பார்த்து உச்சுக் கொட்டினான். அப்புறம் இன்னைக்கு என்ன டிபன் என்று கேட்டான்.

மறுநாள்தான் அந்தப் புதன்கிழமை. மணி அடித்தது, கோகிலா துணியைச் சுற்றிக் கைப்பிடியை இழுத்தாள், வரவில்லை. மோகன் காதில் ஒயரோடு வந்து இழுத்தான், வரவில்லை. நான் என் பழைய உளியைக் கொண்டுவந்து இடுக்கில் கொடுத்து நெம்பினேன், உளி வளைந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாஸ்தா குமிழி விட்டுக்கொண்டிருந்தது, வாசனை மட்டும் வெளியே வந்தது. நாங்கள் நான்கு பேரும் தட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டோம். கோகிலாவுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும், மேஜையின் ஐந்தாவது நாற்காலியை, ஆறு வருஷமாக இஸ்திரிக்குப் போகிற துணியைக் குவித்து வைக்கிற நாற்காலியை, துணியோடு இழுத்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

டக் என்றது. ஓவன் கதவு தானாகத் திறந்து, கன்றுக்குட்டி நாக்கை நீட்டுவதுபோலக் கீழே சாய்ந்து நின்றது.

அவள் எழுந்தாள், கதவு மூடிக்கொண்டது. உட்கார்ந்தாள், திறந்தது. எழுந்தாள், மூடியது. கவின் கைதட்டினான்.

மோகன் ஒரு யோசனை சொன்னான். "நீ உக்கார்ற மாதிரி உக்காந்து, அது திறந்த உடனே ஓடிப்போய் எடுத்துரு."

ஏழு பாயிண்டு ரத்தத்தை வைத்துக்கொண்டு அவள் மூன்று தரம் அப்படி ஓடினாள். ஓவன் அவளைவிட வேகம். கடைசியில் மோகன் போனில் பரோட்டா சொன்னான், வந்தது, கோகிலா எழுந்து பொட்டலத்தைப் பிரித்து எங்களுக்குப் பரிமாறினாள், அவள் எழுந்ததும் கதவு மூடிக்கொண்டது, பாஸ்தா உள்ளேயே கிடந்து ஆறியது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் மற்றவர்களைத் திட்டும்போது நீங்கள் என்னைப் பிடிக்கக் கூடாது. அவள் உட்கார்ந்திருந்தபோது கதவு திறந்து கிடந்தது. பாத்திரம் ஆறடி தூரத்தில் இருந்தது. மேஜையில் நாங்கள் நான்கு பேர், எட்டுக் கை. ஒருத்தருக்கும் எழுந்து போய் எடுக்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அடுத்த வாரம் எதிர்வீட்டு ஓவன் அப்படி ஆனது, அதற்கடுத்த வாரம் பி பிளாக், ஒரு மாதத்துக்குள் அடுக்ககத்தில் ஓவன் இருக்கிற நாற்பத்தோரு வீட்டிலும் அதே கதை: சமைத்தவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் திறக்கும், எழுந்தால் மூடும். ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை. தண்ணீர் லாரி வராத அன்றைக்கு லிப்ட் வாசலில் நின்று என்ன பேசுவார்களோ அதையேதான் பேசினார்கள், உங்களுக்குமா, எங்களுக்கும்தான், யாரிடம் சொல்வது, அசோசியேஷன் என்ன செய்கிறது. ஓவன் கம்பெனிக்காரன் வந்து ஆணியெல்லாம் கழற்றிப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். சிலர் ஓவன் கைப்பிடியில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டினார்கள்.

கீழ்வீட்டு ரேணுகா ஒரு ஸ்டூலை அடுப்படிக்குள்ளேயே போட்டு உட்கார்ந்து பார்த்தாள், திறக்கவில்லை. தட்டையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள், அசையவில்லை. அவள் புருஷன் பெரிய எஞ்சினியர், மூன்று ஞாயிற்றுக்கிழமை செலவழித்து, சாப்பாட்டு மேஜையையே அறுத்து அடுப்படிக்குள் நுழைகிற அளவுக்குச் சின்னதாக்கி, உட்கார்ந்தபடியே அவள் கை ஓவனுக்கு எட்டுகிறமாதிரி போட்டான். கதவு திறந்தது. அவள் உட்கார்ந்தபடி பாத்திரத்தை எடுத்தாள். எடுத்து, ஹாலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கொண்டுபோக எழுந்தாள். அவ்வளவுதான், ஓவன் எட்டிப் பிடித்துக்கொண்டது அவள் முந்தானையை. மேஜையை அறுத்தான் மனுஷன், மூன்று வாரம் உட்கார்ந்து அறுத்தான், எழுந்து போய் எடுத்திருந்தால் மூன்று நிமிஷம்.

சி பிளாக்கில் இன்னும் கேவலம். அங்கே ஒரு வீட்டில் சமைக்கிறவள் மயிலாத்தா, ஐந்து வீட்டுக்குச் சமைக்கிறவள், அவள் வைத்த பாத்திரத்துக்கு அவள் உட்கார்ந்தால்தான் கதவு திறக்கும் என்று ஆகிவிட்டது. வீட்டுக்காரியே பாத்திரத்தைத் தன் கையால் உள்ளே தள்ளிப் பார்த்தாள், மயிலாத்தா தக்காளி வதக்கியதை ஓவன் எப்படியோ கண்டுகொண்டது. எட்டுப் பேர் உட்காருகிற தேக்கு மேஜை, நான்கு நாற்காலி சும்மா கிடக்கிறது, அதில் அவளை உட்கார வைக்க அந்த வீட்டுக்கு மனசு வரவில்லை. ரொட்டியில் ஜாம் தடவித் தின்றுவிட்டுப் படுத்தார்கள். மயிலாத்தா மறுநாள் மாடியில் துணி எடுக்கும்போது என்னிடம் சொன்னாள். "உக்காரச் சொல்லியிருந்தாலும் நான் உக்காந்திருக்க மாட்டேனுங். ஆனா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்."

டி பிளாக் மொட்டை மாடி அறையில் இரண்டு கல்யாணமாகாத பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. சமைத்தவன் உட்காருவான், மற்றவன் எழுந்து போய் எடுத்து வருவான், தின்றுவிட்டுக் கிரிக்கெட் பார்ப்பார்கள். இது அடுக்ககம் முழுக்கத் தெரியும். அவங்க பசங்க, அவங்களுக்கு என்ன, என்று சொல்லிவிட்டார்கள்.

மத்தியானம் வீட்டில் இருக்கிற ஆம்பிளை நான் ஒருத்தன்தான் என்பதால் இன்னொன்று என் காதில் விழுந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத மூன்று மணிக்கு, ஒரு வீட்டிலிருந்து டக் என்று கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து மேல்வீட்டிலிருந்து டக். அப்புறம் எதிர்வரிசையில். லீவு போட்ட பெண்கள், பிள்ளைகளை இனிமேல்தான் கூட்டி வர வேண்டிய பெண்கள், காலித் தட்டைப் போட்டுக்கொண்டு மேஜையில் தனியே உட்கார்ந்து, தங்களுக்காக ஒரு கதவு திறக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. சாயங்காலம் நடைப்பயிற்சியில் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அசோசியேஷன் தலைவர் தண்டபாணி கூட்டம் போட்டார். இரண்டு மணி நேரம் பேசினார்கள், எல்லாம் ஆம்பிளைகள், டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தது அவர் சம்சாரம், நின்றுகொண்டு. முடிவில் லிப்டுக்குள் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள்: ஓவன் கோளாறு தீரும் வரை உறுப்பினர்கள் கேஸ் அடுப்பையே பயன்படுத்தவும். கேஸ் அடுப்புக்குக் கதவு கிடையாது. ஒரே வாரத்தில் முப்பத்தொன்பது ஓவன் பால்கனிக்குப் போயின, ஒன்றின் மேல் துளசித் தொட்டி வைத்தார்கள், ஒன்றினுள் வெங்காயம் கொட்டி வைத்தார்கள், ஒன்றில் பூனை குட்டி போட்டது. இத்தனை பெரிய அதிசயம் இத்தனை படித்தவர்கள் நடுவில் வந்து நின்றது, இவர்கள் அதன் தலையில் தொட்டியை வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனார்கள்.

மொட்டை மாடிப் பையன்களுடையதை விட்டால் கடைசியாக மிஞ்சியது எங்களுடையது. இரண்டாவது ரிப்போர்ட் வந்தது, ரத்தம் ஆறு புள்ளி எட்டு. ஒரு வாரம் பார்த்துவிட்டுப் படுக்கையில் சேர்த்துவிடலாம் என்றாள் டாக்டரம்மா. அன்றைக்கும் புதன்கிழமை. ரிப்போர்ட்டை மேஜையில் வைத்துவிட்டு மோகன் சொன்னான், நாளைக்கு ஓவனை எடுத்துக்கொண்டு போக ஆள் வருகிறான், இனிமேல் புதன்கிழமைக்குத் தோசை.

தோசை! நான்கு பேர் உட்கார்ந்து முறுகலாக, சூடாக, ஒன்று ஒன்றாக வாங்கித் தின்ன, ஊற்றுகிறவள் முதல் தோசையிலிருந்து கடைசித் தோசை வரை கல்லுக்கு முன்னால் நின்றே தீர வேண்டிய தோசை. ஆறு புள்ளி எட்டுக்கு என் மகன் கண்டுபிடித்த வைத்தியம்.

"ஒரு பாக்கெட் பாஸ்தா மிச்சம் இருக்குதுங்க. இன்னைக்குச் செஞ்சு தீத்தர்றேன்" என்றாள் கோகிலா.

செய்தாள். தக்காளி வதக்கினாள், பாலும் தண்ணீரும் விட்டாள், சீஸ் துருவினாள், நடுவில் இரண்டு தரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் பார்த்தேன். மணி அடித்தது. வந்து ஐந்தாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். டக். கதவு திறந்தது. நிவேதா போனைப் பார்த்தாள், கவின் ஓவனைப் பார்த்தான், மோகன் பரோட்டாவுக்குப் போனைக் கையில் எடுத்தான்.

எங்கள் பவுண்டரியில் ஒரு வழக்கம் உண்டு. உருகிய இரும்பை வாளியில் தூக்கிப் போய் அச்சில் ஊற்றி முடித்ததும் மோர்ப்பானை வரும். முதல் தம்ளர் ஊற்றினவனுக்கு. மேஸ்திரி, எஞ்சினியர், முதலாளியே நின்றாலும் அவர்களுக்கெல்லாம் அப்புறம்தான். ஒருநாள் புதிதாக வந்த மேனேஜர் முதல் தம்ளரை எடுத்து வாயில் வைத்தார், நான் தட்டிவிட்டேன், தம்ளர் உருண்டுபோய் மணலில் விழுந்தது. ஒரு வாரம் வேலையை விட்டு நிறுத்தினார்கள், கவலையே படவில்லை, நெருப்பில் நின்றவனுக்கு முதலில் கொடு என்று கத்திவிட்டுத்தான் வெளியே வந்தேன். பெரிய நியாயஸ்தன். அன்றைக்கும் வீட்டுக்குப் போய் முதல் ஆளாகத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். என் சம்சாரம் ருக்மணி நாற்பத்தோரு வருஷம் எனக்குச் சோறு போட்டாள், போய்ச் சேர்ந்துவிட்டாள், அவள் சாப்பிட்டு நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

என் தலையில் மணல் கொட்டினதுபோல் இருந்தது. எழுந்தேன்.

"என்னுங் மாமா?" என்று கோகிலாவும் எழப் பார்த்தாள். கதவு லேசாக அசைந்தது.

"அம்மிணி, எந்திரிக்காத."

"இல்லீங் மாமா, நீங்க போயி..."

"உக்காருன்னு சொன்னேன்."

"அப்பா, சூடு. உங்களுக்கெதுக்கு இதெல்லாம்" என்றான் மோகன், எழாமல்.

"ஆயிரத்து நானூறு டிகிரி தூக்கினவன்டா நான். இது எரநூறு."

துணியைக் கையில் சுற்றிக்கொண்டு போனேன். ஓவன் என்னை ஒன்றும் செய்யவில்லை. பாத்திரத்தை இரண்டு கையால் பிடித்து, வாளியைத் தூக்குகிற மாதிரி முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, ஆறடி நடந்து மேஜையில் வைத்தேன். ஆறடி. ஆறு வருஷத்துக்கு ஆறடி. கரண்டியை நட்ட நடுவில் விட்டு, சீஸ் நூல் நூலாக இழுபட, பெரிய துண்டாக எடுத்து முதலில் கோகிலாவின் தட்டில் வைத்தேன்.

"அப்பாரு, எனக்கு?" என்று என்னைக் கேட்டான் கவின்.

"உனக்குக் கை இருக்குதில்ல? தட்ட எடுத்துட்டு வா."

கோகிலா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவி அவள் முகத்தில் அடித்தது. ஒரு வாய் எடுத்து ஊதி வாயில் போட்டாள், மென்றாள், நிறுத்தினாள், இன்னொரு வாய் போட்டாள். எல்லோரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்பே இல்ல" என்றாள்.

ஒரு குழலைப் பிட்டுப் பார்த்தாள்.

"வேக வெக்காம பச்சையாப் போடறதுல குழலு உப்பைக் குடிச்சுக்குது. எனக்கு ஆறிப்போயி, கருகிப்போயி, ஒண்ணும் தெரிஞ்சதில்ல. ஆறு வருசமா இப்படித்தான் இருந்துச்சா?"

நிவேதா போனைக் கவிழ்த்து வைத்தாள். "ஆமாம்மா."

"சொல்றதுக்கு என்ன? யாருமே சொல்லல?"

சொல்லவில்லை. நான் சொல்லவில்லை, மோகன் சொல்லவில்லை. அவளிடம் நாங்கள் பேசுவதே கிடையாது, அவள் வைப்பாள், நாங்கள் தின்போம், எழுந்து போவோம், இதில் உப்பைப் பற்றி எங்கே சொல்ல?

கோகிலா பழக்க தோஷத்தில் இரண்டு கையையும் மேஜையில் ஊன்றி உப்பு எடுக்க எழப் போனாள். பின்னால் ஓவன் கதவு கீச்சென்றது. நான் மோகனைப் பார்த்தேன். பவுண்டரியில் அந்தப் பார்வைக்கு ஆள்கள் ஒதுங்கி நிற்பார்கள். அவன் காதிலிருந்து ஒயரைக் கழற்றினான். அந்தப் பக்கம் அமெரிக்காக்காரன் ஹலோ ஹலோ என்றான். என் மகன் எழுந்து அடுப்படிக்குள் போனான்.

முதல் அலமாரியைத் திறந்தான், பருப்பு டப்பாக்கள். இரண்டாவதைத் திறந்தான், பாத்திரம். மூன்றாவதைத் திறந்தான், சீனியை எடுத்து நக்கிப் பார்த்து வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து நான் போனேன். என் பின்னால் நிவேதா வந்தாள், கவின் வந்தான். நான்கு பேரும் அந்தச் சின்ன அடுப்படிக்குள் இடித்துக்கொண்டு, ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடி, ஒவ்வொரு டப்பாவாகத் தட்டிப் பார்த்து, மேலேயும் கீழேயும் தேடினோம். அந்த வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அவளிடம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

அவளும் சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.